இடது கை எங்கே இருக்க வேண்டும்: வேலூரில் எல்லா வகை இசைக்கும் கீபோர்டு வாசிப்பவராக வளர ஒரு முழுமையான வழிகாட்டி

தை, மாசியில் கல்யாண வரவேற்புக் கச்சேரிகள். பங்குனி, சித்திரையில் தேரும் திருவிழாவும். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வரும்போது சுற்றுவட்டாரத்துக் கீபோர்டுகள் எல்லாம் மேடையில்தான் இருக்கும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆனால் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றி, இரவில் மேடை போடுகிறார்கள். மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஆனால் அந்த நாட்களில்தான் தேவாலயங்களில் கேரல் பாட்டு நடக்கிறது. அதற்குப் பின்னாலேயே கல்லூரி விழாக்கள் வந்துவிடும்.

வேலூரில் கீபோர்டை நம்பி வாழ நினைக்கிற தம்பி, தங்கைகளுக்கு நான் முதலில் காட்டுவது இந்த நாட்காட்டியைத்தான். கல்யாண மேடைப் பாட்டு மட்டும் தெரிந்தவருக்கு இதில் இரண்டு, மூன்று மாதம் வருமானம் இருக்காது. கீர்த்தனையும் வரும், அம்மன் பாட்டும் வரும், ஜாஸும் கொஞ்சம் வரும் என்பவருக்குப் பன்னிரண்டு மாதமும் வேலை உண்டு. சென்னையில் ஒரே வகை இசையில் ஊன்றி நின்று பேர் வாங்கலாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்து கிடக்கும் நம் பழைய வட ஆற்காட்டில் எல்லாம் தெரிந்தவருக்குத்தான் போன் வரும்.

எல்லாம் தெரிவது என்றால் கீபோர்டில் உள்ள ஐநூறு டோனும், அதாவது ஒலி வகையும், தெரிவது என்று பலர் நினைக்கிறார்கள். இருபது வருஷமாக வாசித்ததில் எனக்குப் புரிந்தது வேறு. வலது கை எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கிறது: மெட்டைப் பிடிக்கிறது. இடத்துக்கு இடம் மாறுவது இடது கைதான். தேவாலயத்தில் அது ஒரு வேலை செய்யும், ஆர்க்கெஸ்ட்ராவில் வேறு வேலை, கர்நாடகக் கச்சேரியில் முற்றிலும் வேறு. இசை வகை மாறும்போது இடது கை எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எந்தக் கீபோர்டு வாங்குவது

இதில் ரொம்ப நேரம் செலவிட வேண்டாம். 61 கீ, முழு அளவு, அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக் குறைகிற டச் ரெஸ்பான்ஸ், விரலை எடுத்த பிறகும் ஒலியை நீட்டும் சஸ்டைன் பெடல் செருக ஒரு ஓட்டை, ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட். இந்த ஐந்தும் இருந்தால் போதும். பிட்ச் பெண்ட் இல்லாத கீபோர்டை விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள். அது இல்லாமல் நம் ஊர்ப் பாட்டு எதையும் உருப்படியாக வாசிக்க முடியாது.

ஸ்டைல் போட்டால் தானே தாளம் வாசிக்கும் அரேஞ்சர் வகை, யமஹா பிஎஸ்ஆர் வரிசை மாதிரி, வீட்டில் கற்கவும் சின்ன நிகழ்ச்சிகளில் தனியாக வாசிக்கவும் நல்லது. தபேலா, பேஸ், கிட்டார் எல்லாம் ஆளாக உட்கார்ந்திருக்கும் குழுவில் சேர்ந்த பிறகு ரோலண்ட் எக்ஸ்பிஎஸ் 10 போன்ற சிந்தசைசர் வகைக்கு மாறலாம். இந்திய டோன்கள் அதிலேயே வருகின்றன, தூக்கவும் கனமில்லை. வசதி இருந்தால் மூன்றாவது, நான்காவது வருஷத்தில் 88 கீ கொண்ட டிஜிட்டல் பியானோ ஒன்றை வீட்டில் போடுங்கள். விரலுக்குப் பலம் அதில்தான் வரும்.

முதல் இரண்டு வருஷம்: இரண்டு ஆசிரியர்கள்

ஒருவர் மேற்கத்திய இசை சொல்லித் தருபவர். இன்னொருவர் கர்நாடக வாய்ப்பாட்டு ஆசிரியர். கீபோர்டில் கர்நாடகம் சொல்லித் தருபவரை நான் கேட்கவில்லை, வாய்ப்பாட்டு ஆசிரியரைத்தான் கேட்கிறேன். தொண்டையில் வராத கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, விரலில் வராது.

மேற்கத்திய பக்கத்தில் லண்டன் அமைப்புகளான ட்ரினிட்டி அல்லது ஏபிஆர்எஸ்எம் நடத்தும் கிரேடு தேர்வுகள் ஒரு ஒழுங்கைக் கொடுக்கும். இரண்டிலும் தொடக்க நிலைக்குப் பிறகு 1 முதல் 8 வரை கிரேடுகள். ட்ரினிட்டியில் எலக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனித் தேர்வும், ராக் அண்ட் பாப் பிரிவில் கீபோர்டுத் தேர்வும் உண்டு. வாசித்துச் சம்பாதிக்க ஐந்தாம் கிரேடு வரை வந்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். பிறருக்குச் சொல்லித் தரப் போகிறீர்கள் என்றால் எட்டு வரை போங்கள். பெற்றோர்கள் சான்றிதழைக் கேட்பார்கள்.

கர்நாடகப் பக்கத்தில் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம். மூன்று வேகத்திலும் வாசியுங்கள், வாசிக்கும்போதே பாடுங்கள். தாள வேகம் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்கினால் போதும்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. மேஜர் ஸ்கேல் என்பது 29-ஆவது மேளமான தீரசங்கராபரணத்தின் ஸ்வரங்கள். ஹார்மானிக் மைனர் என்றால் கீரவாணி, நேச்சுரல் மைனர் என்றால் நடபைரவி. ஜாஸ் வாசிப்பவர்கள் டோரியன் என்பது கரகரப்பிரியா, மிக்ஸோலிடியன் என்பது ஹரிகாம்போதி, லிடியன் என்பது கல்யாணி. மோகனத்தை மேஜர் பென்டடானிக் என்கிறார்கள். பெயர் இரண்டாக இருந்தாலும் விரல் ஒரே இடத்தில்தான் போகிறது. ஸ்வர வரிசைதான் ஒன்று, ராகம் ஒன்று இல்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டைக் கணக்கு

தாங்கள் பாடும் சுருதியை நம் பாடகர்கள் சி, டி என்று சொல்ல மாட்டார்கள், கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். "தம்பி, எனக்கு அஞ்சரை" என்பார்கள். அந்த நொடியே விரல் ஜி ஷார்ப்பில் இருக்க வேண்டும். சி ஒரு கட்டை, சி ஷார்ப் ஒன்றரை, டி இரண்டு, டி ஷார்ப் இரண்டரை, ஈ மூன்று, எஃப் நான்கு, எஃப் ஷார்ப் நான்கரை, ஜி ஐந்து, ஜி ஷார்ப் ஐந்தரை, ஏ ஆறு, ஏ ஷார்ப் ஆறரை, பி ஏழு. மூன்றரையும் ஏழரையும் கிடையாது, ஏனென்றால் ஈ-க்கும் பி-க்கும் அடுத்து வலது பக்கத்தில் கறுப்புக் கீ இல்லை. இதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்யுங்கள்.

கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. சி-யிலேயே வாசித்துவிட்டு அதை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். குடியாத்தம் பக்கம் ஒரு கோயில் திருவிழா மேடையில், அஞ்சரைக் கட்டைப் பாட்டு ஒன்றுக்கு டிரான்ஸ்போஸை ஒன்று ஏற்றி ஐந்து கட்டையில் வாசித்தேன். பாட்டு முடிந்தது, கைதட்டல் வந்தது, அறிவிப்பாளர் அடுத்த பாட்டைச் சொன்னார். ஏற்றியதை இறக்க மறந்துவிட்டேன். அடுத்த பாட்டு ஸ்ட்ரிங்ஸில் தொடங்கும். நான் சேர்த்துப் பிடித்த ஸ்வரங்களும் (கார்டு) பேஸ் கிட்டாரும் அரைக் கட்டை விலகி ஒன்றோடொன்று மோதின. பாட வந்த அக்கா மைக்கைக் கீழே இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த நான்கு நொடி இன்னும் நினைவிருக்கிறது. மறுநாளிலிருந்து பன்னிரண்டு கட்டையிலும் கையாலேயே வாசிக்கப் பழகினேன். வாரத்துக்கு ஒரு பாட்டு, தினம் இரண்டு கட்டை, ஆறு நாளில் பன்னிரண்டும் முடிந்துவிடும். ஒரு வருஷம் இப்படிச் செய்தால் டிரான்ஸ்போஸ் பட்டன் எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோகும்.

தேவாலயம்: இடது கைக்கு இரண்டு குரல்

மதம் எதுவானாலும் தேவாலயத்தில் வாசிக்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். வருஷத்துக்கு 52 ஞாயிறு; வேறு எந்த மேடையும் இவ்வளவு ஒழுங்காகப் பயிற்சி தராது. அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853-இல் தொடங்கிய மண் இது. கோட்டைக்குள் இருக்கும் புனித யோவான் ஆலயம் அதற்கும் மூத்தது. மேற்கத்திய மெட்டில் அமைந்த பாமாலைகளைப் பாடும் பழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையாக ஊறியிருக்கிறது.

பாமாலைகளுக்கு நான்கு குரல் எழுதியிருக்கும். சொப்ரானோவும் ஆல்டோவும் வலது கைக்கு, டெனரும் பேஸும் இடது கைக்கு. ஆர்கன் டோனில் சஸ்டைன் பெடலை மிதித்தால் எல்லாம் குழம்பிவிடும், ஆகவே ஒரு விரல் கீயை விடும் முன் இன்னொரு விரலை அதன் மேல் மாற்றி வைத்து ஒலியைத் தொடர வேண்டும். மெதுவாக, எரிச்சலாக இருக்கும். மூன்று மாதம் பொறுத்தால் இடது கைச் சுண்டுவிரலுக்குச் சொந்தமாக மூளை வந்துவிடும். வரியின் முடிவில் சபை மூச்சு வாங்கும்போது கையும் தூக்க வேண்டும். முன்னூறு பேரை ஒரே நேரத்தில் மூச்சு வாங்க வைப்பது கீபோர்டுக்காரர்தான்.

தேவாலயத்தில் பாடும் தமிழ்க் கீர்த்தனை வேறு. அது ராகத்தில் அமைந்தது. மாயாமாளவகௌளையில் வரும் கீர்த்தனைக்கு ஒரு கட்டையில் வாசிக்கிறோம் என்று வையுங்கள். பழக்க தோஷத்தில் பஞ்சமத்துக்கு ஜி மேஜர் கார்டு போட்டால், அதில் உள்ள டி அந்த ராகத்தில் இல்லாத சதுஸ்ருதி ரிஷபம். பாடும் பெரியவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ தப்பு என்று முகம் சுளிப்பார்கள். எஃப் மைனர் போடலாம், டி ஃப்ளாட் மேஜர் போடலாம். இரண்டும் ராகத்துக்குள்ளேயே இருக்கின்றன. சந்தேகமாக இருந்தால் இடது கையில் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடித்து நிறுத்துங்கள்.

ஆர்க்கெஸ்ட்ரா: இடது கையை எடு

தேவாலயத்தில் பழகிய கை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வந்ததும் தவறு செய்யும். முதல் ஒத்திகையில் நான் இடது கையில் பேஸ் நோட்டுகளை நிறைத்து வாசித்தேன். நன்றாக வாசிப்பதாகத்தான் நினைத்தேன். பேஸ் கிட்டார் வாசித்த அண்ணன் பாட்டு முடிந்ததும் கிட்டாரை மடியில் படுக்க வைத்தார்.

"இன்னா தம்பி, எனக்கு ஏதாச்சும் மிச்சம் வெச்சிருக்கியா?"

"இல்லண்ணே, பாட்டு நிறைவா இருக்கட்டும்னுதான்..."

"நிறைவா இருக்கணும்னா நீ அந்தக் கையை எடு."

எடுத்துப் பார்த்தேன். பாட்டு தெளிந்தது. பேஸ் ஒருவர் இருக்கும்போது கீபோர்டின் கீழ் இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) அவருடையது. சென்டர் சி-க்கு மேலே மூன்று ஸ்வரக் கார்டு, அதுவும் பாடகர் பாடும் இடத்தில் மெல்லிசாக.

பெரும்பாலான குழுக்களில் இரண்டு கீபோர்டு இருக்கும். ஒருவர் ஸ்ட்ரிங்ஸ், பேட் என்கிற மெல்லிய நீடித்த ஒலி, பியானோ என்று பரப்பிப் பிடிப்பார். இன்னொருவர் பிஜிஎம்மில் வரும் புல்லாங்குழல், வயலின், சித்தார் பிட்டுகளை வாசிப்பார். புதிதாகச் சேருபவருக்கு முதல் இடம்தான் கிடைக்கும். இரண்டாமவர் கையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எட்டு பார் (தாள அளவு) முகப்பு இசையில் ஸ்ட்ரிங்ஸ், குழல், மறுபடி ஸ்ட்ரிங்ஸ், கடைசி இரண்டு பாரில் மணி ஓசை என்று நான்கு டோன் மாறும். டோன் மாற்றுவது இடது கையின் வேலை. டோன்களைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரேஷனில் பாட்டு வரிசைப்படி முன்கூட்டியே அடுக்கி வைத்து, குழலின் கடைசி ஸ்வரம் வலது கையில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இடது கை அடுத்த பட்டனுக்கு மேல் போய்க் காத்திருக்க வேண்டும். பல கீபோர்டுகளில் பிடித்திருக்கும் ஸ்வரம் டோன் மாறும்போது அறுந்துவிடும். உங்களுடையது எப்படி என்று வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பாட்டின் முதல் வரி, ஆண் கட்டை, பெண் கட்டை, தாளம், ரெஜிஸ்ட்ரேஷன் எண், கார்டுகள். கார்டுகளை எழுத்தில் எழுதாமல், ஸ்கேலில் எத்தனையாவது ஸ்வரத்தின் மேல் அமைகின்றன என்று பார்த்து 1, 4, 5, 6 என எண்ணில் எழுதினால் எந்தக் கட்டைக்கும் பொருந்தும். காதால் கார்டு கண்டுபிடிக்கும்போது முதலில் பேஸை மட்டும் கேட்டு வாய்விட்டுப் பாடுங்கள், பிறகு மேஜரா மைனரா பாருங்கள். இளையராஜா பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே நடக்கும் என்பதால் அங்கே இந்த வழி கொஞ்சம் ஏமாற்றும். அந்தப் பாடல்களுக்குக் கூடுதல் நேரம் வையுங்கள். இருநூறு பாட்டு நோட்டில் ஏறிவிட்டால் எந்தக் குழுவும் உங்களைக் கூப்பிடத் தயங்காது.

கூத்துப் பெட்டியும் அம்மன் மேடையும்

நம் மண்ணில் கீபோர்டுக்கு முன்னால் பெட்டி இருந்தது. திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது மிருதங்கம், டோலக், முகவீணை, தாளத்தோடு ஆர்மோனியப் பெட்டிக்காரர் உட்கார்ந்திருப்பார். ஒரு இரவு முழுக்க அவர் பின்னால் உட்காருங்கள். கூத்தாடி விருத்தத்தை எங்கே இழுப்பார், எங்கே நிறுத்துவார் என்று யாருக்கும் தெரியாது. பெட்டிக்காரர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே அரை நொடி பின்னால் நிழல் மாதிரி போவார். கைப்பெட்டியில் இடது கை காற்றடிக்கத்தான். கார்டு என்ற பேச்சே இல்லை. ஒரே வலது கையில் விடியும்வரை பாட்டைத் தாங்குகிறார். குரலைப் பின்தொடர்வது எப்படி என்பதை எந்த வகுப்பிலும் இதைவிட நன்றாகச் சொல்லித் தர முடியாது.

அம்மன் மேடையில் பம்பையும் உடுக்கையும் சேர்ந்தால் அந்த அதிர்வே மேடையை நிறைத்துவிடும். அங்கே நீளமான ஸ்ட்ரிங்ஸ் போட்டால் சேறாகிவிடும். நாதஸ்வர டோனிலோ குழல் டோனிலோ சின்னச் சின்ன வெட்டு ஸ்வரங்கள், இடையில் நிறைய மௌனம். இடது கை சட்ஜத்தில் மட்டும்.

கர்நாடகம்: இடது கை சக்கரத்தில்

மேலே சொல்லாமல் விட்ட விஷயம் இதுதான். சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரத்தையும் கீயில் நேராக அழுத்தினால் மேஜர் ஸ்கேல் கேட்கும், சங்கராபரணம் கேட்காது. தோடியின் காந்தாரத்தைக் கீயில் அப்படியே பிடித்து நிறுத்தினால் அது தோடியே இல்லை. ஸ்வரம் நிற்கும் இடத்தைவிட அது அசையும் பாதைதான் ராகம். அந்த அசைவைத் தருவது பிட்ச் பெண்ட் சக்கரம். வலது கை ஸ்வரம் அழுத்த, இடது கை சக்கரத்தை விட்டு நகராது.

பொதுவாகக் கீபோர்டில் சக்கரத்தின் எல்லை இரண்டு அரை ஸ்வரம் என்று வைத்திருப்பார்கள். அதிலேயே பழகத் தொடங்குங்கள். ஒரே கீயை அழுத்திப் பிடித்து, சக்கரத்தை மட்டும் அசைத்து ச-ரி-ச, ச-ரி-ச என்று பாடுவது மாதிரி வாசியுங்கள். தினம் அரை மணி. பிறகு கல்யாணி, மோகனம், கடைசியாகத் தோடி. தானாக நடுங்கும் டோன்களைத் தவிர்த்து, அதிர்வில்லாத டோனை, ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் ஒலிக்கும் மோனோவில் வையுங்கள். கே. சத்யநாராயணன் கீபோர்டில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்கிறார். அவர் வாசிக்கும் காணொளியில் இடது கையை மட்டும் ஒருமுறை பாருங்கள்.

கல்லூரி மேடையும் ஜாஸும்

விஐடி மாதிரி வளாகங்களில் நாடு முழுக்க இருந்து பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுடைய குழுக்களுக்கு ராக், ஃபங்க், கொஞ்சம் ஜாஸ் தெரிந்த ஆள் வேண்டும். அங்கே இடது கைக்கு இரண்டே ஸ்வரம்: கார்டின் மூன்றாவதும் ஏழாவதும். சி செவன்த் என்றால் ஈ, பி ஃப்ளாட். அடுத்து எஃப் செவன்த் வந்தால் இரண்டு விரலையும் அரை ஸ்வரம் கீழே இறக்குங்கள்: ஈ ஃப்ளாட், ஏ. கை நகர்ந்ததே தெரியாது, கார்டு மாறிவிட்டது. இதை வைத்து ப்ளூஸ் என்கிற 12 பார் பாட்டு வடிவத்தைப் பன்னிரண்டு கட்டையிலும் வாசித்தால் அந்த உலகத்துக்குள் நுழைய அது போதும்.

மேடைக்கு எடுத்துப் போக வேண்டியவை

வேலூர் வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். மே மாதம் மாலை மேடைக்கு மதியமே சவுண்ட் செக் வைப்பார்கள். வெயிலில் விட்ட கீபோர்டின் திரை கறுத்து எழுத்தே தெரியாமல் போகும். ஒரு வெள்ளைத் துணி போட்டு மூடி வையுங்கள். மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் அரை நொடியில் கீபோர்டு அணைந்து மறுபடி உயிர் பெறும். பாட்டு நடுவே அது நடந்தால் மேடையில் நீங்கள் அநாதை. கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றைக் கூடவே தூக்கிப் போங்கள். உபரி அடாப்டர், இரண்டு ஜாக் கேபிள், இரைச்சலைத் தடுக்க டிஐ பாக்ஸ், இன்சுலேஷன் டேப், டார்ச்.

சம்பளத்தை முன்னாலேயே பேசுங்கள்: எவ்வளவு, எப்போது, வண்டி யாருடையது, இரவு திரும்ப ஏற்பாடு என்ன. ஒரு முறை ஒரு நிகழ்ச்சி முடிந்து இரவு ஒன்றரை மணிக்கு, "நாளைக்கு வந்து வாங்கிக்கோ" என்று அனுப்பினார்கள். நான்கு முறை நடந்தும் வரவில்லை. அதன் பிறகு பாதிப் பணம் முன்பணமாக வராமல் நான் கீபோர்டை வண்டியில் ஏற்றுவதில்லை. தொடக்கத்தில் குறைவாக வாங்கலாம், இலவசமாக மட்டும் வேண்டாம். நீங்கள் இலவசமாக ஏறும் மேடை, வீட்டு வாடகைக்காக வாசிக்கும் இன்னொருவருடையது.

மேடை இல்லாத நாட்கள்

காந்தி நகர், சத்துவாச்சாரி பக்கம் வாரம் நான்கு மாலை வகுப்பு எடுத்தால் மாத வருமானத்துக்கு அடித்தளம் கிடைக்கும். வீட்டில் ஒரு லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், நல்ல ஹெட்போன் இருந்தால் கரோக்கி டிராக், மாணவர்களின் குறும்படத்துக்குப் பின்னணி இசை, தேவாலயப் பாடல் ஆல்பம் என்று வேலை வரும். அனுப்பும்போது ஆடியோவோடு, வாசித்த ஸ்வரங்களின் பதிவான மிடி கோப்பையும் அனுப்புங்கள். டோன் பிடிக்கவில்லை என்றால் அவர்கள் மாற்றிக்கொள்வார்கள், உங்களை மறுபடி கூப்பிடுவார்கள். 2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் வாசிப்பவருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமை தருகிறது. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைப் படியுங்கள்.

சென்னைக்கு எப்போது

ஏ.ஆர். ரஹ்மான் 1992-இல் திரைப்பட இசையமைப்பாளராக அறிமுகமாகும் முன்பு பல இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தவர். அந்தப் பாதை சென்னையில்தான் இருக்கிறது, உண்மை. ஆனால் வீட்டைக் காலி செய்துகொண்டு போக வேண்டியதில்லை. காட்பாடியிலிருந்து சென்ட்ரல் 130 கிலோமீட்டர். காலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் அலுவலக நேரத்துக்குள் போய்விடலாம். முதல் ஒரு வருஷம் போய்வந்து பாருங்கள். மாதத்தில் பத்து நாளுக்கு மேல் அங்கேயே வேலை வந்தால் அறை எடுக்கலாம்; சினிமாப் பதிவுகளில் நிலைக்க நினைத்தால் சினி மியூசிஷியன்ஸ் யூனியனில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பதிவுக் கூடத்தில் நான் முதன்முதலாக வாசித்தது எட்டே பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "வெறும் பேட் போதும், மேல மட்டும்" என்றார்கள். இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையில் மூன்று விரலால் வாசித்தேன். ஒரே டேக். பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு மாலை வண்டி பிடித்தேன். மறுநாள் ஞாயிறு, காலை ஏழு மணிக்கு ஆராதனை.